மதியத்துக்கு மேல்தான் எதிர்காலம்

ஸவ்மே வலப்பக்கப் பாட்டுப் பீடத்தில் நின்று ஒரு சரணம் பாடுகிறார். முடிந்ததும் புத்தகத்துக்குள் விரலை விட்டு மூடிக்கொண்டு, கோயிலின் குறுக்கே நடந்து இடப்பக்கப் பீடத்துக்குப் போகிறார். அங்கே நின்று, சற்று முன் தான் பாடியதற்குத் தானே மறுசரணம் பாடுகிறார். பிறகு மறுபடி வலப்பக்கம். இடது முழங்கால் சரியாக மடங்காது. அந்தக் காலைக் கொஞ்சம் வீசித்தான் நடக்க வேண்டும். போய்ச் சேர்ந்து மூச்சு நிதானப்படும் வரை ஆண்டவர் காத்திருக்கிறார். பின்னால் சுவரில் சாய்ந்தபடி நானும் காத்திருக்கிறேன்.

எங்கள் சுரியானிக் கிறிஸ்தவ வழிபாட்டில் பாட்டு இரண்டு பக்கமாகத்தான் நடக்கும். ஒரு பக்கம் பாடினால் மறுபக்கம் பதில் சொல்ல வேண்டும். பக்கத்துக்கு நாலு பேராவது இருந்தால் கேட்க நன்றாக இருக்கும். எங்கள் ஊர் தல் வர்தாவில் இப்போது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஸவ்மே ஒருவர்தான். பாட்டுக்குப் பொறுப்பான திருத்தொண்டர் என்பதால் ஊரில் எல்லாருக்கும் அவர் ‘ஷமாஷா’. பக்கத்து நகரமான கமிஷ்லியிலிருந்து ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வரும் குருவானவர் ஷாபோ, எங்கள் அபூனா, அவருக்கு ஒரு யோசனை சொல்லிப் பார்த்தார்.

"ஷமாஷா, ஒரே பக்கமா நின்னு பாடிருங்களேன். அந்த முழங்கால் என்னத்துக்கு ஆகும்?"

"ஒரே எடத்துல நின்னு நானே கேட்டு நானே பதில் சொன்னா அது ஜெபம் இல்ல அபூனா, கிறுக்கு. எடம் மாறிட்டா வேற ஆளு."

நான் ஒரு நாள் உதவிக்குப் போய் இடப்பக்கம் நின்றேன். முதல் சரணம் முடிவதற்குள் ஸவ்மே கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். "அப்ரேம், நீ மெழுகுவத்தியப் பாத்துக்கப்பா" என்றார். அன்றிலிருந்து நான் மெழுகுவத்தியைப் பார்த்துக்கொள்கிறேன்.

தொழிலுக்கு அவர் முடிதிருத்துகிறவர். ஸவ்மே என்பது ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பில் பிறந்த ஆண் பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் வைக்கும் பெயர். அவர் கடை என் மளிகைக் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. ஒரு நாற்காலி, விளிம்பில் ரசம் போன ஒரு கண்ணாடி, டீசல் அடுப்பு, அதன்மேல் எப்போதும் ஒரு தேநீர்க் கெண்டி. காது மயிரை நூல் வைத்துப் பிடுங்கும்போதுகூட வாய் சங்கீதத்தை விடாது. நூல் சுள்ளென்று இழுத்து நீங்கள் ‘ஆ’ என்றால், "ஆமென்னு முழுசாச் சொல்லு" என்பார்.

அந்தத் தொழிலில் அவருக்கு ஒரு தண்டனையும் உண்டு. ஊரைவிட்டுப் போகிறவன் யாராக இருந்தாலும் முதலில் அவர் நாற்காலியில்தான் வந்து உட்கார வேண்டும். விசாவுக்கு எடுக்கும் படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டுமாம். "காது தெரியறாப்ல வெட்டுங்க ஷமாஷா" என்று ஒருவன் சொன்னால் அவர் கத்தரிக்கோல் ஒரு கணம் நிற்கும். "எந்த ஊருக்கு?" என்று மட்டும் கேட்பார். ஸ்வீடன், ஜெர்மனி, ஹாலந்து, ஏதாவது ஒன்று பதிலாக வரும். அந்தத் தலைக்கு மட்டும் கூலி வாங்கமாட்டார். "இதுக்கு வாங்கினா எனக்குச் செரிக்காது" என்பார். என் மூத்த மகனுக்கும் அவர்தான் வெட்டினார். அவன் போகப்போகிறான் என்பது அவருக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த வருஷம் நோன்பு தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறன்று அபூனா ஷாபோ ஆயரிடமிருந்து ஒரு கேள்வியைக் கொண்டுவந்தார். தல் வர்தா கோயிலுக்கு எதிர்காலம் உண்டா? உண்டென்றால் யாரை வைத்து, எப்படி என்று பாதி நோன்புப் புதனுக்குள் கோயில் குழு சொல்ல வேண்டும். இல்லையென்றால் பீடத்துப் பாத்திரங்களும் புனிதரின் எலும்புப் பேழையும் கமிஷ்லிக்குப் போய்விடும். அபூனா வருவதும் நின்றுவிடும். நான் ஆயரைக் குற்றம் சொல்லவில்லை. கையில் இருக்கும் குருக்களோ கொஞ்சம், எங்களைப் போல் ஆளற்றுப்போன ஊர்களோ நிறைய. ஆனாலும் இதைக் கேட்க அவருக்கு வேறு மாதமே கிடைக்கவில்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நாளையைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கப் பழக வேண்டிய நாட்களில், நாளையைத் தவிர வேறெதையும் நினைக்கவிடாமல் செய்துவிட்டார்.

என்னைப் போன்றவனுக்குப் பரவாயில்லை. நான் இந்த ஊரில் இருப்பதே எனக்கு விசா மறுத்துவிட்டதால்தான். நோன்பில் கடுகளவு பக்தி குறைந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. ஸவ்மே அப்படியில்லை. நோன்பு நாட்களில் நண்பகல் ஜெபத்தின்போது நெற்றி தரையில் படும்படி விழுந்து விழுந்து எழ வேண்டும். முதல் வாரத்தில் ஒரு நாள் அப்படி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. மயக்கம் என்று பயந்து ஓடினேன்.

"ஒண்ணுமில்ல அப்ரேம்" என்றார், தலையைத் தூக்காமலே. "நெத்தி தரையில கெடக்கு. மனசு கூரைமேல ஏறி நிக்குது. சோலார் பலகைய எந்தப் பக்கம் பாத்து வைக்கறதுன்னு யோசிச்சுட்டுக் கெடக்கேன். ஆண்டவர் எதுக்க விழுந்து கெடந்துட்டு சோலார் பலகை! நான் உருப்படுவேனா?"

எழுப்பி உட்கார வைத்தபோது அவர் கண் நிறைந்திருந்தது. அன்றைக்கே தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். நோன்பில் மதியம் வரை வாயில் எதுவும் படக்கூடாது. இனிமேல் திட்டமும் படக்கூடாது. காலையில் யாராவது வந்து கூரை ஒழுகுகிறது என்று ஆரம்பித்தால், உதட்டில் விரலை வைத்துச் சுவரைக் காட்டுவார், அங்கே கடிகாரம் இருக்கும். மதிய மணி அடித்து, நாலு ஆலிவ் காயும் ஒரு துண்டு ரொட்டியும் உள்ளே போன பிறகு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ம், இப்பச் சொல்லு. எதிர்காலம் மதியத்துக்கு மேலதான்" என்பார்.

அவருடைய சித்தப்பா மகள் பெஸ்னா, கோயில் குழுவில் எங்களோடு இருப்பவர். ஓய்வுபெற்ற மருத்துவச்சி. நாக்குக்கு ஓய்வு கிடையாது. "பாலுக்கு நோன்பு, முட்டைக்கு நோன்பு பாத்திருக்கேன். ஒழுகற கூரைக்கு நோன்பு வைக்கறவன இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

"கூரை எங்க போயிரப் போகுது பெஸ்னா?"

"நாம போயிருவோம். கூரை கெடக்கும்."

ஊரில் இணையம் ஓரளவு ஒழுங்காக வருவது என் கடையில்தான். ஒரு சனிக்கிழமை மதியத்துக்கு மேல், ஸ்வீடனில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் சங்கத்தோடு ஸவ்மே என் கைபேசியில் பேசினார். திரை முழுக்கக் கன்னங்கள். எல்லாருடைய தலையையும் ஒரு காலத்தில் அவர் வெட்டியிருக்கிறார். சங்கத் தலைவன் கப்ரோவுக்கு இப்போது வெட்ட ஒன்றும் மிச்சமில்லை.

"மாமா, நாங்க முடிவு பண்ணிட்டோம். கோயிலுக்குப் புது மணிக்கூண்டு! மணி தானா அடிக்கும், மோட்டார். கயிறு இழுக்க ஆளே வேணாம்."

"நல்லது கப்ரோ. அதக் கேட்டுட்டு வர்றதுக்கும் மோட்டார் வச்ச ஆள் ரெண்டு பேர அனுப்பிரு."

அந்தப் பக்கம் சிரித்துப் புரண்டார்கள். "மாமா மாறவே இல்ல!"

"சிரிக்காதீங்கடா. எனக்குக் கல்லு வேணாம், மணி வேணாம். ஒரு குடும்பம். ஒரே ஒரு குடும்பம் திரும்பி வந்தாப் போதும். உங்கள்ல யாராவது..."

சிரிப்பு நின்றது. யாரோ இருமினார்கள். கப்ரோ எதற்கென்று தெரியாமல் கைபேசியைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே கொட்டும் பனியைக் காட்டினான். "பிள்ளைங்க பள்ளிக்கூடம் இருக்கே மாமா" என்று ஒரு பெண்குரல் கேட்டது. ஸவ்மே என் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "சிக்னல் போச்சுன்னு சொல்லிரு" என்றார்.

ஆகவே கோயிலின் எதிர்காலம் முழுவதும் மல்கேயின் தலையில் வந்து இறங்கியது. மல்கே ரொட்டி சுடுகிறவன். ஊரில் சின்னப் பிள்ளைகள் இருக்கும் ஒரே சுரியானி வீடு அவனுடையதுதான். அவன், மனைவி ஷ்மூனி, நாலு பிள்ளைகள். ஸவ்மே தினமும் மதியத்துக்கு மேல் அந்த வீட்டை வைத்துக் கட்டிக்கொண்டே போனார். கோயிலுக்குப் பின்னால் பூட்டிக்கிடக்கும் கட்டடத்தில் மல்கேயின் அடுப்பு, வாடகை இல்லாமல். அதன் மாடியில் ஒரு பாலர் பள்ளி. பள்ளி இருந்தால் கமிஷ்லிக்குக் குடிபோன இரண்டு வீடுகள் திரும்பி வரும், பேசியாகிவிட்டது, தலையாட்டியிருக்கிறார்கள். மல்கேயின் மூத்தவனுக்கு நல்ல தொண்டை, இன்னும் இரண்டு வருஷத்தில் இடப்பக்கம் நிற்பான். சொல்லும்போது ஸவ்மேயின் முகம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மல்கேயின் மேல் அவ்வளவு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் இருந்தது. பெரிய நோன்பின் முதல் திங்கள் எங்களுக்கு மன்னிப்பு நாள். அபூனா முதல் கைக்குழந்தைக்காரி வரை எல்லாரும், ஒருவர் விடாமல் மற்ற எல்லார் முன்னும் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். என்ன குற்றம் என்று கேட்கிறவன் சொல்வதில்லை. எதிரே நிற்கிறவன் விசாரிப்பதும் இல்லை. ‘மன்னித்தேன், ஆண்டவர் நம் இருவரையும் மன்னிப்பாராக’ என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் நகர வேண்டியதுதான். இந்த வருஷம் ஸவ்மேயின் முன் குனிந்த மல்கே நிமிரவில்லை. அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தேம்பினான்.

"என்னைய மன்னிச்சிருங்க ஷமாஷா. எம் பிள்ளைங்களையும் சேத்து மன்னிச்சிருங்க."

"மன்னிச்சேன்டா ராசா, மன்னிச்சேன். எந்திரி." அவனைத் தூக்கி நிறுத்தி நெற்றியில் முத்தமிட்டார்.

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பாத்தியா? இந்தக் காலத்துல மனசு உருகி அழறதுக்கு ஒருத்தன் இருக்கான். இவன வச்சு இந்தக் கோயிலையே நிமித்திரலாம்."

"ரொட்டில எடை கொறச்சிருப்பான்" என்றேன். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

அதற்கு அடுத்த வாரம் மல்கேயின் பிள்ளைகள் நாலு பேரும் கன்றுக்குட்டி மேய்ந்த தலையோடு தெருவில் வந்தார்கள். ஸவ்மே கடைவாசலில் வழிமறித்தார். "யாரு இப்படிக் கொதறி வச்சது?"

"நாந்தான் ஷமாஷா" என்றாள் ஷ்மூனி, தரையைப் பார்த்துக்கொண்டு. "நோன்பு நாள்ல உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு..."

"தலையெழுத்து. வாங்க உள்ள." ஒவ்வொருவராக உட்கார வைத்து, பாடிக்கொண்டே ஓரங்களைச் சரிசெய்துவிட்டார். எட்டுக் காதும் பளிச்சென்று வெளியே தெரிந்தன. எத்தனையோ விசாத் தலைகளைப் பார்த்த மனுஷன். அவருக்கும் உறைக்கவில்லை, எதிர்க்கடையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் உறைக்கவில்லை.

பாதி நோன்புப் புதன் வந்தது. காலையில் வழக்கப்படி கோயில் நடுவே சிலுவையை நாட்டினோம். மதிய மணி அடித்த பிறகு பக்கத்து அறையில் டீசல் அடுப்பைச் சுற்றிக் குளிர்காய உட்கார்ந்தோம்: அபூனா, ஸவ்மே, பெஸ்னா, மல்கே, நான். மல்கே கொண்டுவந்த ரொட்டி சூடாக இருந்தது. ஸவ்மே ஆலிவ் கொட்டையைக் கவனமாகத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். சோலார் பலகையில் தொடங்கிப் பாலர் பள்ளி வரை நன்றாகத்தான் பேசினார். அபூனாவின் முகத்திலேயே வெளிச்சம் வந்தது. மல்கே அடுப்பின் சின்னக் கண்ணாடிக்குள் எரியும் நீலச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெஸ்னாதான் கேட்டார். "இதெல்லாம் மல்கேகிட்ட சொன்னியா?"

"அவன்கிட்ட என்ன சொல்லணும்? அவன் நம்ம பிள்ள."

"ஷமாஷா" என்றான் மல்கே. மறுபடி ஆரம்பித்தான். "ஷமாஷா, நான் உங்ககிட்டதான் மொதல்ல சொன்னேன். திங்கக்கெழம."

"எந்தத் திங்கக்கெழம?"

"மன்னிப்பு நாள்ல. எனக்கு வாயால சொல்லத் தைரியம் வரல. ஆனா உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். யாரு கெளம்பினாலும் உங்களுக்குத்தான் மொதல்ல தெரியுமே. ஷ்மூனியோட அண்ணன் ஆஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டிருக்கார். எம் பிள்ளைங்களையும் சேத்து மன்னிச்சிருங்கன்னு கேட்டேன்ல? நீங்க மன்னிச்சேன்னு சொன்னீங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அதுக்கப்புறந்தான் டிக்கெட்டே எடுத்தேன்."

அடுப்புக் குழாய் படபடத்தது.

"அன்னிக்கு எல்லாரும் எல்லார்கிட்டயும் கேக்கற நாளுடா" என்றார் ஸவ்மே, மெதுவாக. "நான்... நீ பக்தில அழறேன்னு நெனச்சேன்."

"எப்ப போறீங்க?" என்று பெஸ்னா கேட்டார்.

"குருத்து ஞாயிறு முடிஞ்ச மறுநாள்."

ஈஸ்டருக்குக்கூட இருக்கப் போவதில்லை. அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவனுடைய இடத்தில் இருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் மூடிக்கொண்டேன்.

ஸவ்மே அபூனாவைப் பார்த்தார். "குடுத்த மன்னிப்பத் திருப்பி வாங்க முடியுமா அபூனா?"

"முடியாது ஷமாஷா."

"தெரியாமக் குடுத்ததா இருந்தா?"

"அப்பவும் முடியாது."

"சரி" என்றார். மல்கேயிடம் திரும்பினார். "அங்க இப்ப வெயிலா, குளிரா?"

"தெரியல ஷமாஷா. கேக்கல."

"கேட்டுக்க. சின்னவளுக்கு நெஞ்சுல சளி இருக்கு."

ஸவ்மே தட்டில் இருந்த ரொட்டித் துண்டை முத்தமிட்டு ஓரமாக வைத்தார். அபூனா கொஞ்ச நேரம் தன் தாடியையே தடவிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் இது பிடித்த வேலை இல்லை. "ஷமாஷா, நான் சாயங்காலமே ஆயரப் பாக்கணும். என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டார். ஸவ்மே எழுந்து, என் சட்டைக் கையைத் தொட்டு, வா என்று தலையசைத்துவிட்டு வெளியே நடந்தார்.

நேராக என் கடைக்குத்தான் போனோம். உள்ளே போய்க் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றேன். அவர் வாடிக்கைக்காரரைப் போல் இந்தப் பக்கம் நின்றார்.

"நாப்தலின் உருண்டை வச்சிருக்கியா?"

கம்பளங்களுக்குள் பூச்சி உருண்டை போட்டுச் சுருட்டி வைப்பது ஈஸ்டர் கழிந்து, வெயில் ஏறிய பிறகுதான். வெளியே காற்று இன்னும் ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தது. இப்ப எதுக்கு என்று கேட்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன்.

"எவ்வளவு வேணும்?"

"கோயில்ல கெடக்கற கம்பளம் அத்தனைக்கும்."

இருந்த பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் மார்போடு அணைத்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பினார். நானும் கூடப் போனேன். அபூனா வாசல்நிலையில் நின்றிருந்தார். அவர் கையில் இருந்ததைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார். ஆயரிடம் என்ன சொல்வது என்ற கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.

வாசலிலிருந்து பீடம் நோக்கிப் போகும் நீளக் கம்பளத்தில் ஸவ்மே தொடங்கினார். நல்ல காலை மடக்கி, மற்றதைப் பக்கவாட்டில் நீட்டி உட்கார்ந்து, விதை தெளிக்கிற மாதிரி உருண்டைகளைப் போட்டார். அந்த நாற்றம் குந்துருக்க வாசனையின் மேல் ஏறியது. கம்பளத்தை ஒருவராகச் சுருட்டினால் கோணிக்கொள்ளும். மறு ஓரத்தைப் பிடிக்க நான் குனிந்தேன். பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தொட்டார்கள். மல்கே. நான் நகர்ந்துகொண்டேன். அவன் ஓரத்தில் மண்டியிட்டான்.

இருவரும் சுருட்டிக்கொண்டே போனார்கள். ஸவ்மே நிமிர்ந்து பார்க்கவில்லை. பாதி தூரத்தில் சுருள் மல்கேயின் பக்கம் சாய்ந்து, தொளதொளவென்று ஆனது. ஸவ்மே நிறுத்தினார். கையை நீட்டி மல்கேயின் விரல்களைப் பிடித்து, கம்பள ஓரத்தில் எங்கே பிடிக்க வேண்டுமோ அங்கே எடுத்து வைத்து, தன் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினார்.

"இங்க புடி" என்றார். "உன் பக்கம் தளந்துபோச்சு. இறுக்கிச் சுருட்டு."